குடைக்காசுக்கு இரண்டாவது சாட்சி

போன வாரம் இந்த வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரைத் தவிர.

சிரிப்பை ஆரம்பித்து வைத்தவர் மாமனார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். மருமகளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. அவள் மேசைக்கு வந்திருந்த சொல் 'குடைக்காசு'. ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாத ஆள் கிடையாது. லைசென்ஸ் எடுக்கப் போனாலும், ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டாலும், "குடைக்காசு வச்சாச்சா?" என்பார்கள். ஆனால் லஞ்சத்துக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம், அது எங்கே பிறந்த சொல் என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

"நம்ம மாமாவைக் கேட்டா ஆச்சு" என்று மருமகள் சாட்சிச் சீட்டு ஒன்றை வீட்டுக்கே எடுத்து வந்தாள். மாமனாரும் தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். மழைக்காலத்தில் பதிவுக்கு வந்தவர்கள் வெளியே வரிசையில் நனைவார்களாம். கடைநிலை ஊழியர் ஒருவர் குடை பிடித்து உள்ளே அழைத்து வருவாராம். நன்றியாக அவர் கையில் ஏதோ வைப்பார்களாம். அதுதான் குடைக்காசு.

"அப்ப நல்ல குடும்பத்துல பொறந்து கெட்டுப் போன சொல்லுன்னு சொல்லுங்க" என்று மகன் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். சிரிக்காதவர் மாமியார்தான். அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி.

"என் பேரு எந்தப் பக்கத்துலம்மா வரும்?" மாமனார் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"கடைசியில மாமா. 'சொல் தந்தோர்'னு ஒரு பட்டியல் இருக்கும்."

"எழுத்து பெருசா இருக்குமா?"

"கண்ணாடிக் கடைக்காரனைப் பெத்து வச்சிருக்கீங்களே, அவன் பெருசாக் காட்டுவான்" என்றார் மாமியார், டீயை வைத்தபடி.

மகன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். ஊருக்கெல்லாம் பார்வை திருத்துவான். வீட்டில் எதையும் பார்க்காமல் இருப்பதற்கும் அவனுக்குத் தனித் திறமை உண்டு. இப்போதும் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தான். மருமகள் விடவில்லை.

"என்னங்க, இன்னைக்குத் தேதி இருபத்தி மூணு."

"தெரியும்."

"முப்பதாம் தேதி எங்கம்மா வீட்டைக் காலி பண்ணணும்."

"அதான் தெரியும்னேனே." அவன் கண் அப்பா பக்கம் ஓடித் திரும்பியது.

மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. மருமகளின் அம்மா முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்; மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், தனியாக. வீட்டுக்காரர் இப்போது அதையும் கேட்கிறார். ஆறு மாதத்தில் மூன்று தடவை மாமனாரிடம் பேசியாயிற்று. மூன்று தடவையும் அவர் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார். முதல் தடவை அறையில் ஈரம் என்றார். இரண்டாம் தடவை பழைய சாமான் என்றார். மூன்றாம் தடவை வெறும் "பாக்கலாம்மா"தான். பிடி கொடுக்காத பேச்சு என்றால் அது மாமனார் பேச்சுதான்.

"மாமா..." என்று ஆரம்பித்தாள்.

"ஆபீசுக்கு நேரமாகலையாம்மா?" என்றார் அவர், மிகவும் அன்பாக.

மருமகள் வார்த்தையை மென்று முழுங்கிவிட்டுக் கிளம்பினாள். "போய்ட்டு வரேன் அத்தை."

"போய்ட்டு வா. யாராவது உன்னை அகராதி பிடிச்சவன்னு சொன்னா நான் இப்பல்லாம் சண்டைக்குப் போறதில்ல" என்றார் மாமியார். "உத்தியோகமே அதுதானேன்னு விட்டுடறேன்."

*

அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் சீட்டுகள். பழைய சொல் என்றால் வேலை சுலபம், புத்தகங்கள் சாட்சி சொல்லும். 'மாமூல்' உறையைப் பிரித்தால், முதலில் அதற்கு வெறும் வழக்கம் என்றுதான் பொருள், கடல் தாண்டி வந்த சொல், தவறாமல் கொடுத்துக் கொடுத்து லஞ்சத்துக்குப் பெயராகிவிட்டது என்று ஒரு வரலாறே இருக்கும். 'கையூட்டு' செய்தித்தாள்காரர்களுக்குப் பிடித்த சொல். 'குடைக்காசு'தான் தெருவில் பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் யாரென்று எழுத்தில் இல்லை. அப்படிப்பட்ட சொல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். இரண்டும் ஒத்துப் போனால் அச்சுக்குப் போகும். ஒத்துப் போகாவிட்டால் பதிப்பாசிரியர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தும் தெளியாவிட்டால் 'தோற்றம் தெரியவில்லை' என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம்.

முதன்மைப் பதிப்பாசிரியரை அலுவலகத்தில் எல்லாரும் முற்றுப்புள்ளி என்பார்கள். அந்த அம்மாள் பேசி முடித்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"உன் குடைக்கு ரெண்டாவது சாட்சி வந்துடுச்சு" என்று ஒரு சீட்டை நீட்டினார். "முதல் சாட்சிக்கு நேர் எதிரா இருக்கு. போய்ப் பாத்துட்டு வா. அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் அச்சுக்குப் போகுது."

மருமகள் நின்றபடியே படித்தாள். சரிந்த, வேகமான கையெழுத்து.

'பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர், தமது நாற்காலிக்குப் பின்னால் சன்னல் கம்பியில் ஒரு குடையை மாட்டி வைப்பார். பதிவுக்கு வந்தவர்கள் அதற்குள் பணம் போடுவார்கள். அதுவே குடைக்காசு.' கீழே ஒரு வருஷம் குறித்திருந்தது.

அந்த வருஷம் தலைமை எழுத்தராக இருந்தது யார் என்று அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. கூடத்துச் சுவரில் அவர் பதவி உயர்வு வாங்கிய அன்று எடுத்த புகைப்படம் தேதியோடு மாட்டியிருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் குடை கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் ஒன்று வாங்கி வந்தாள். "நம்ம வீட்டுல குடை வேணாம்மா" என்று அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார் மாமனார். கொட்டும் மழையிலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவார். பெரியவருக்கு ஏதோ பிடிவாதம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.



"என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் முற்றுப்புள்ளி.

"ஒண்ணுமில்ல மேடம். போய்ட்டு வரேன்."

*

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், நகலெடுக்கும் கடை வாசலில், மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் பத்திரம் எழுதுகிறவர். எழுபது வயதிருக்கும்.

"அகராதி ஆபீசா? வாம்மா, உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. என்னை மாதிரி."

"சீட்டுல எழுதினதை நீங்க ஒரு தடவை நேர்ல சொல்லணும் ஐயா. எங்க முறை அது."

"எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே!" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "அந்த மனுஷன் வாயத் தொறந்து ஒரு பைசா கேட்டவர் இல்ல. அதை முதல்ல சொல்லிடணும். உக்காருங்கம்பாரு, தண்ணி குடிங்கம்பாரு. தங்கமான பேச்சு. ஆனா குடையில ஒண்ணும் விழலைன்னா உன் பத்திரம் கட்டுக்கு அடியில போயிடும்."

"மழைக்காலத்துலதானே குடை இருக்கும்?"

"மழையா! வெயில் மண்டையைப் பிளக்கும், குடை கம்பியில தொங்கும். கைப்பிடியைக் கம்பியில மாட்டிட்டா வாய் மேல பாத்த மாதிரி இருக்கும் பாரு. கட்டாம விட்டிருப்பாரு. போடறவங்க சன்னலுக்கு வெளியே வேடிக்கை பாக்கற மாதிரி போயி போட்டுட்டு வருவாங்க. இவரு குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாரு. குடுத்தவனும் குடுக்கலை, வாங்கினவனும் வாங்கலை. என்ன நேர்த்தி!"

அவர் சிரித்தார். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொல்லு எப்படி ஐயா வந்துது?"

"எங்களால வந்துது. பத்திரம் எழுத வர்றவங்ககிட்ட 'லஞ்சம் குடு'ன்னு சொல்ல முடியுமா? 'குடையைப் பாத்துட்டு வாங்க'ன்னு சொல்லுவோம். அப்புறம் குடைக்காசுன்னு ஆச்சு. எங்க வாசல்ல கேட்டவன் அடுத்த ஆபீஸ்ல போய்ச் சொன்னான். இப்ப குடையே இல்லாத இடத்துலயும் குடைக்காசு கேக்கறான்."

"நீங்க சொன்னா புரிஞ்சுக்குவாங்க. யாரும் சொல்லாதவங்க?"

பத்திரக்காரர் மேசைக்கடியில் கையை விட்டு ஒரு பழைய கோப்பை எடுத்தார். நடுவில் ஒரு மனுவின் கார்பன் நகல், ஓரமெல்லாம் நைந்து போய்.

"எழுத்துல ஆதாரம் இருந்தா காட்டணும்னு சீட்டுல போட்டிருந்தீங்களே. இருக்கு. ஒரு அம்மா, புருஷன் போனப்புறம் வீட்டைத் தன் பேருக்கு மாத்திக்க வந்தாங்க. நான்தான் பத்திரம் எழுதினேன். அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். எழுதினதும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன். குடையைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன்மா."

"அப்புறம்?"

"படி."

மருமகள் படித்தாள்.

'தலைமை எழுத்தர் ஐயா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடன்பட்டாவது கொடுத்திருப்பேன். குடைக்காசு போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லாததால் பதினான்கு முறை வந்து திரும்பிப் போனேன்.'

"பதினாலு தடவை" என்றார் பத்திரக்காரர். "ஒவ்வொரு தடவையும் உக்காருங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. அதுக்குள்ள கொழுந்தன் குடையைப் பாத்துட்டான். வீடு அவன் பேருக்குப் போயிடுச்சு."

"இந்த மனுவை மேல அனுப்பினீங்களா?"

"எழுதினேன். அனுப்பலை." அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "எனக்கும் அந்த வாசல்லதானேம்மா பொழப்பு. அந்த அம்மாகிட்ட அனுப்பிட்டேன்னு சொன்னேன். இதையும் எழுதிக்க, நகலையும் எடுத்துக்கிட்டுப் போ. என் பேரைப் போடு. கண்டிப்பாப் போடணும்."

"அந்தத் தலைமை எழுத்தர் இப்ப..."

"இருக்காரே! காலையில நடக்கப் போறப்ப பாப்பேன். வணக்கம்பாரு. நானும் வணக்கம்பேன். இந்த வாரம் ரொம்ப உற்சாகமா இருக்காரு, ஏதோ புத்தகத்துல பேரு வரப்போகுதாம்."

*

அலுவலகம் திரும்பும் வழியில்தான் வீடு. ஒன்றரை மணிக்கு மருமகள் சாப்பிட உட்கார்ந்தாள். 

மாமனார் எதிரில் உட்கார்ந்தார். "ரெண்டாவது சாட்சி கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுது மாமா."

"யாரு?"

"பதிவு ஆபீசுக்கு எதிர்ச் சந்துல பத்திரம் எழுதறவர். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது."

பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்த மாமியார் அப்படியே நின்றார். மாமனார் மட்டும் ஒரு கவளத்தைப் பிசைந்தார், பிசைந்தார், வாயில் வைக்காமலே பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பாதியில எழுந்துட்டாரே அத்தை."

"நீயாவது சாப்பிடு" என்றார் மாமியார். 

அவள் கிளம்பி வெளிக் கதவுக்கு வரும்போது கைப்பேசி அடித்தது. எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். கையில் வேறு ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது. பெரிய, பழைய இரும்புச் சாவி. மாடி அறைச் சாவி.

அழைத்தது கணவன். "ஏய், விஷயம் தெரியுமா? அப்பா இப்பத்தான் போன் பண்ணாரு. மாடி ரூமைச் சுத்தம் பண்ண ஆள் வரச் சொல்லிட்டாராம்! நான் உடனே உங்கம்மாவுக்குச் சொல்லிட்டேன். அழுதுட்டாங்க பாவம்."

"நீங்க கேட்டீங்களா அவரை?"

"இல்லையே. அவராவேதான். கேக்காம குடுத்திருக்காரு, சந்தோஷப்படுவியா, குரல் ஏன் இப்படி இருக்கு?"

மருமகள் கைப்பேசியை அணைத்தாள். உள்ளே திரும்பி நடந்தாள்.

மாமனார் கூடத்தில் சன்னலைப் பார்த்து நின்றிருந்தார்.

"மாமா, இந்தச் சாவி என் பையில இருந்துது."

"மாடி ரூம் சாவிதானே. இருக்கட்டும்மா."

"எதுக்கு மாமா?"

"உங்கம்மாவுக்கு இடம் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தியே."

"ஆறு மாசமாச் சொல்றேன். இன்னைக்கு ஒன்றரை மணிக்கு ஏன்?"

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கலையேம்மா" என்றார் மாமனார். உண்மையிலேயே அடிபட்ட குரல். "எதையாவது எழுதுன்னோ எழுதாதேன்னோ ஒரு வார்த்தை கேட்டேனா?"

மருமகள் காலையிலிருந்து அந்தச் சொல்லுக்குச் சரியான விளக்கம் தேடிக்கொண்டிருந்தாள். விளக்கம் அவள் உள்ளங்கையில் கனத்தது.

"கேளுங்க மாமா" என்றாள். "எனக்கு எங்கம்மாவுக்கு இடம் வேணும். பொய் சொல்லலை, ரொம்ப வேணும். அதனால நீங்க வாயத் தொறந்து கேளுங்க. 'மாத்தி எழுது'ன்னு கேளுங்க. நான் முடியும்னோ முடியாதுன்னோ பதில் சொல்றேன். கேக்காம மட்டும் குடுக்காதீங்க."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லுங்களேன்" என்றார் மாமியார் வாசற்படியிலிருந்து. "முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்துல வராத வார்த்தை இப்பவாவது வருதான்னு பாப்போம்."

"நீ சும்மா இரு."

"இத்தனை வருஷமா சும்மாத்தான் இருந்தேன். அந்தக் குடை எங்கண்ணன் எனக்கு வாங்கிக் குடுத்தது. மழையில பிள்ளையத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போகணும், குடை எங்கன்னு கேட்டேன். ஆபீஸ்ல இருக்குன்னீங்க. ரெண்டு வருஷம் ஆபீஸ்லயே இருந்துது. மனைவி குடை ஆபீஸ்ல என்ன பண்ணுதுன்னு யோசிக்கத் தெரியாதவளா நான்? யோசிச்சேன். ஆனா கேக்கலை. இந்த வீட்டுல யாரும் யாரையும் எதையும் கேட்டதில்ல. அப்படியே நாறிப் போச்சு."

மாமனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

மருமகள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். இரண்டு நிமிஷம். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மேசையில் சாவி பட்ட சத்தம் தெரு முனை வரை காதிலேயே இருந்தது.

*

அலுவலக மாடிப்படியில் நின்று கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் வில்லை தேய்க்கும் இயந்திரம் நின்றது.

"அப்பாவா?" என்றான்.  பிறகு, "பேரு போடுவீங்களா?"

"போட மாட்டோம். தலைமை எழுத்தர்னு மட்டும்."

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கெல்லாம் தெரியும்டி. நாளைக்கு அவரு தெருவுல நடக்க முடியுமா? இங்க பாரு, தோற்றம் தெரியலைன்னு போட ஒரு வழி இருக்குன்னு நீதானே சொன்னே? அதைப் போட்டுடு. யாருக்கு என்ன நஷ்டம்? உங்கம்மாவும் நிம்மதியா இருப்பாங்க, இவரும் நிம்மதியா இருப்பாரு."

"தெரிஞ்சதைத் தெரியலைன்னு போடச் சொல்றீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை. யோசிச்சுப் பாருன்னேன்."

"நீங்களும் சொல்லலை" என்றாள் மருமகள். "சரி."

ஆனால் மேசையில் உட்கார்ந்து 'தோற்றம் தெரியவில்லை' என்று ஒரு வெற்றுச் சீட்டில் எழுதிப் பார்த்தாள். எவ்வளவு சின்ன வாக்கியம்! யார் மனமும் நோகாது. அம்மா மாடி அறையில் சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மாடி ஏறிய கால். இங்கே ஒரு மாடிதான். அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ, கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

கார்பன் நகலை இன்னொரு முறை எடுத்தாள். பதினான்கு முறை. அந்த அம்மாளுக்கும் ஏதோ ஒரு மாடி, ஏதோ ஒரு கால்வலி இருந்திருக்கும். பதினான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள், தன்னிடம் என்ன குற்றம் என்று தெரியாமலே.

வெற்றுச் சீட்டைக் கிழித்தாள். புதிதாக எழுத ஆரம்பித்தாள்.

'குடைக்காசு: பெயர்ச்சொல். பெறுபவர் வாய்விட்டுக் கேட்காமலும், தருபவர் வாய்விட்டுச் சொல்லாமலும் கைமாறும் லஞ்சம். தோற்றம்: பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றின் தலைமை எழுத்தர், பணம் போடுவதற்கென்று சன்னலில் மாட்டிவைத்த குடை.' அதற்குக் கீழே, முதல் எடுத்துக்காட்டாக, அந்த அம்மாளின் வாக்கியம் முழுவதும்.

முதல் சாட்சிச் சீட்டின்மேல் 'ஏற்கப்படவில்லை' என்று எழுத வேண்டும். எழுதினாள். அந்தக் குண்டுக் கையெழுத்தின் குறுக்கே எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது.

முற்றுப்புள்ளி படித்தார். கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த முதல் சாட்சி உனக்கு என்ன வேணும்?"

"மாமனார்."

"இதை எப்ப சொல்லியிருக்கணும்?"

"போன வாரமே சொல்லியிருக்கணும் மேடம். சீட்டு வாங்கின பெருமையில தோணலை."

முற்றுப்புள்ளி நாற்காலியில் சாய்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நான் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டுமா? உன் பேரு வேணாம். வீட்டுல போய் நான் எழுதலைன்னு சொல்லிக்க."

அதுவும் அன்பாகத்தான் சொன்னார். இன்றைக்கு அவளிடம் அன்பாக இல்லாதவர் யார்!

"வேணாம் மேடம். நான் எழுதினதுதானே" என்றாள். பெயரை எழுதினாள். அதற்குக் கீழே முற்றுப்புள்ளியும் கையெழுத்துப் போட்டார். ஐந்து அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது அந்தப் பக்கம் கீழே அச்சுக்கூடத்துக்கு இறங்கியது.

*

ஐந்தேகாலுக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கம்மா இருக்கே?"

"பஸ்லடி! மூட்டை கட்டி ஒரு வாரம் ஆச்சே, எதுக்குக் காத்திருக்கணும்? வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். சாவியைக் கையில குடுத்துட்டு வந்துட்டேன். உடனே வேற ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு மனுஷன்."

 "இன்னைக்கே ஏம்மா வந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உன் மாமனாரே பேசினாருடி. ரெண்டரை மணிக்கு. ஆறு வருஷத்துல அவரு என்கிட்ட பேசினதே ரெண்டு தடவைதான். இன்னைக்கு என்ன மரியாதை! அப்புறம் தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"நீ ஏதோ அகராதியில எழுதப் போறியாம். எழுதினா அவரு மானம் போயிடுமாம். எழுதாம இருக்கச் சொல்லி உங்க பொண்ணுகிட்ட கேளுங்கம்மான்னாரு. அழற மாதிரி இருந்துதுடி குரல்."

அவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். கேட்டால் மறுக்க முடியாத இடமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"நீ என்னம்மா சொன்னே?"

"என்ன சொல்லுவேன்? இடம் குடுக்கறவரு. எம்பொண்ணு எழுத மாட்டா, நான் பொறுப்புன்னு வாக்குக் குடுத்துட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உன்கிட்ட சொல்லணும்னாரு. நானும் போட்டுப் போட்டுப் பாக்கறேன், வழியெல்லாம் சிக்னலே இல்ல, இப்பத்தான் கிடைக்குது. ஏண்டி, நேரம் இருக்குல்ல? எழுதலைதானே நீ?"

பஸ் எங்கோ நின்று கிளம்பியது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள்.

"எழுதலைன்னு சொல்லு. அப்பத்தான் நான் அந்த வாசப்படி மிதிக்க முடியும்."

பொய் சொன்னால் அம்மாவுக்கு இன்று ராத்திரி ஓர் அறை இருக்கிறது. புத்தகம் கடைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மருமகள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"எழுதிட்டேம்மா. அச்சுக்குப் போயிடுச்சு."

அம்மா திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.  பிறகு, கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டாள் போலிருக்கிறது, அவள் குரல் சற்றுத் தள்ளி, வேறு யாரிடமோ பேசுவது கேட்டது.

"கண்டக்டர் தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்துப்பா. நான் இறங்கிக்கறேன். மூணு மூட்டை இருக்கு, யாராவது ஒரு கை குடுங்க."

"எங்கம்மா இறங்கறே? அம்மா! எந்த இடம்னு சொல்லு!"

கைப்பேசி அணைந்துவிட்டது.